சைக்கிள் ஃப்ரேமுக்குப் புதுப் பெயின்ட்: கலருக்கு முன்னால் சில கேள்விகள்

கோவையில் பல வருஷம் பைக், கார் டிங்கரிங் பட்டறையில் பெயின்டராக இருந்தேன். இப்போது சைக்கிள் ஃப்ரேம் மட்டும்தான் செய்கிறேன். போனில் வருகிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டு வந்தால் உங்களுக்கும் நேரம் மிச்சம், எனக்கும் தொண்டை மிச்சம்.

முதலில் கலரைத்தானே முடிவு செய்ய வேண்டும்?

இல்லை. எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் ஃப்ரேம் என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஃப்ரேமில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், இல்லையென்றால் கார்பன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் அலுமினியத்தில் 'ணங்' என்று சத்தம் வரும், கார்பனில் 'டொக்' என்று அமுங்கி வரும்.

அடுத்தது, அதன்மேல் இப்போது என்ன பெயின்ட் இருக்கிறது. அதற்கடுத்து, வண்டி எங்கே நிற்கிறது. வீட்டுக்குள்ளா, மொட்டை மாடி வெயிலிலா, ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் இருபது வண்டிகளுக்கு நடுவிலா? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் எந்தப் பெயின்ட், எந்த முறை என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். கலர் அதற்குப் பிறகுதான்.

தாத்தாவின் பழைய சைக்கிள் வீட்டில் நிற்கிறது. புதுசு போல ஆக்கித் தருவீர்களா?

முடியும். ஆனால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்ப்பேன். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ் வண்டிகள் இன்னும் வருகின்றன. கறுப்பு எனாமலின் மேல் மெல்லிய தங்கக் கோடு ஓடும். அந்த எனாமலை உரித்துவிட்டால் திரும்ப வராது. நாம் அடிப்பது நல்ல கறுப்பாக இருக்கலாம், அந்தக் கறுப்பாக இருக்காது.

போன வருஷம் ஒரு பையன் அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தான். ஆரஞ்சு அடிக்க வேண்டுமாம். செயின் கவரில் அழுக்கு அப்பியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே இருந்து வெள்ளைப் பெயின்டில் கையால் எழுதிய பெயர் ஒன்று தெரிந்தது, கீழே ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு சின்னத் தாமரை. அந்தக் காலத்தில் புது சைக்கிள் வாங்கினால் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்துப் பெயர் எழுதி வாங்குவார்கள். பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஆரஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். துருப்பிடித்த இடங்களை மட்டும் சரிசெய்து, மெழுகு தேய்த்துக் கொடுத்தேன்.

துரு பெயின்டுக்கு அடியில் பரவி, நகத்தால் சுரண்டினால் பெயின்ட் சில்லு சில்லாகக் கொட்டுகிறது என்றால் கதை வேறு. அப்போது முழுக்க உரித்துத்தான் ஆக வேண்டும். பழைய வண்டியில், அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டினதற்கு முனிசிபாலிட்டி கொடுத்த வில்லை இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பவுடர் கோட்டிங் நல்லதா, ஸ்ப்ரே பெயின்ட் நல்லதா?

அடிபடுகிற வண்டிக்குப் பவுடர், அழகு பார்க்கிற வண்டிக்குப் பெயின்ட். சுருக்கமான பதில் இதுதான். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம், விவரம் சொல்கிறேன்.

பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. காய்ந்த பொடிக்கு மின்னூட்டம் கொடுத்து ஃப்ரேமின்மேல் ஒட்ட வைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் வேக வைப்பார்கள். பொடி உருகி ஒரே தோலாகப் படியும். தடிமன் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் வரும். கல் தெறித்தாலும், பக்கத்து வண்டி உரசினாலும் தாங்கும். கோவையில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு வேலை செய்கிற பவுடர் கோட்டிங் யூனிட்கள் கணபதி, பீளமேடு பக்கம் நிறைய உண்டு.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் மோட்டார் பாடிக்குப் பழகியவர்கள். சைக்கிள் ஃப்ரேமில் நான்கு குழாய்கள் கூடும் முடுக்கு இருக்கிறதே, பெடல் அச்சு ஓடுகிற அந்த இடம், அதன் மூலைக்குள் மின்னூட்டம் பெற்ற பொடி சரியாக நுழையாது. வெளியே விளிம்புகளில்தான் போய் ஒட்டும். பொடி அடிக்கிற கன்னை வேறு கோணத்தில் பிடித்து, வோல்டேஜைக் குறைத்து அடிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூலையில் உலோகம் அப்படியே தெரியும், துருவும் அங்கேதான் முதலில் வரும். இன்னொன்று, பவுடர் தோலில் ஒரு இடத்தில் வெட்டு விழுந்து உள்ளே தண்ணீர் போய்விட்டால் அடியில் துரு ஊர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தோல் உரிகிற மாதிரி பட்டையாக வரும்.

ஸ்ப்ரே பெயின்டில் இந்தத் தடிமன் இல்லை, இந்த முரட்டுத்தனமும் இல்லை. ஆனால் ஒரு கலரில் தொடங்கி இன்னொன்றில் முடிப்பது, முத்துப் பளபளப்பு, மெல்லிய கோடு போடும் லைனிங், கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சுக்கு அடியில் ஸ்டிக்கர் எல்லாம் இதில்தான் சரியாக வரும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியும்.

என் சொந்த வண்டிக்கு என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: பவுடரில் ஒரு அடித்தளம், அதை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மேலே பெயின்ட், கிளியர். இரண்டு கூலி. எல்லாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அலுமினிய ஃப்ரேமை ஓவனில் வைத்தால் பலம் குறையாதா?

நியாயமான பயம். சைக்கிளுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 அலுமினியத்துக்குக் கடைசி வலுவைக் கொடுப்பதே கம்பெனி ஓவன்தான். 160, 175 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக வைத்து எடுப்பார்கள். பவுடருக்கு உலோகம் சூடேறியபின் பத்திருபது நிமிஷம் போதும். ஒருமுறை அப்படிச் செய்வதால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓவன் ஆள் சாப்பிடப் போய்விட்டு மறந்துவிட்டால், அல்லது நாலு தடவை கலர் மாற்றி நாலு தடவை வேக வைத்தால், அந்த வலு இறங்கத் தொடங்கும். குறைந்த சூட்டில் வேகும் பவுடர் இருக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள்.

கார்பன் ஃப்ரேம்?

ஓவன் கூடாது. பெயின்ட் ரிமூவர் கூடாது, அது பெயின்டோடு சேர்த்து நாரைப் பிடித்திருக்கும் பசையையும் தின்றுவிடும். காற்றழுத்தத்தில் மணலை அடித்து உரிக்கும் மணல் பீய்ச்சலும் கூடாது. கையால் தண்ணீர் விட்டு, மெல்லிய உப்புத்தாளால் மேல் பளபளப்பை மட்டும் எடுக்க வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் கறுப்பாக வந்தால் நாரைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். பல கம்பெனிகள் பெயின்ட் மாற்றிய ஃப்ரேமுக்கு வாரன்டி தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயின்டை முழுக்க உரிக்க வேண்டுமா? அதன்மேலேயே அடிக்கக் கூடாதா?

அடிக்கலாம், கீழே இருப்பது என்னவென்று தெரிந்தால். வெள்ளைத் துணியைக் கொஞ்சம் என்.சி. தின்னரில் (சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டில் கலப்பது) நனைத்து, வெளியே தெரியாத ஒரு இடத்தில் அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் கரைந்து துணியில் கலர் ஏறினால் அது என்.சி. அல்லது சாதா ஸ்ப்ரே டப்பா பெயின்ட். தோல் சுருங்கி, வெந்த பால் ஆடை மாதிரி மடிந்தால் சிந்தெடிக் எனாமல், அதாவது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வகை. ஒன்றுமே ஆகவில்லையென்றால் கம்பெனி பெயின்ட், பவுடர், அல்லது இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கிற இரண்டு பாகப் பெயின்டான 2கே. அதன்மேல் தாராளமாக அடிக்கலாம், உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் போதும்.

இந்தச் சோதனையைச் செய்யாததால் வீணான வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. வீட்டில் மிச்சமிருந்த எனாமலை யாரோ எப்போதோ பிரஷ்ஷால் அடித்திருப்பார்கள். அது தெரியாமல் மேலே என்.சி. அடித்தால் அதன் தின்னர் கீழே இறங்கி எனாமலைக் கிளப்பிவிடும். பத்தே நிமிஷத்தில் ஃப்ரேம் முழுக்கச் சுருக்கம். எனாமலின்மேல் என்.சி. வேண்டாம். இதை ஒன்றையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட்டில் முக்கி எடுத்தால் துரு, பெயின்ட் எல்லாம் ஒரே அடியில் போய்விடுமே?

போய்விடும். ஆசிட் போகாது, அதுதான் பிரச்சினை. ஃப்ரேம் குழாய்கள் உள்ளே காலி. வெல்டிங் வைக்கும்போது சூடான காற்று வெளியேற, பின்சக்கரத்துக்கு ஓடும் மெல்லிய குழாய்களில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். ஆசிட் அதன் வழியாக உள்ளே போகும், கழுவும்போது முழுசாக வெளியே வராது.

நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு ஃப்ரேமை இப்படித்தான் செய்தேன். அழகான இலைப்பச்சை. மூன்று மாதம் கழித்து வண்டிக்காரர் திரும்ப வந்தார், ஒன்றும் பேசவில்லை, விரலை மட்டும் வைத்துக் காட்டினார். அந்த ஊசி ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கண்ணீர் மாதிரி வழிந்து, பச்சையின்மேல் கோடு போட்டிருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது இரும்புக்கு மணல் பீய்ச்சல், அதுவும் மெல்லிய மணலில். ரோட்ஸ்டர் என்கிற பழைய கனமான சைக்கிள் ஃப்ரேம் எதையும் தாங்கும். ஆனால் ரெய்னால்ட்ஸ் 531 மாதிரியான நல்ல ரேஸ் ஃப்ரேம் குழாய்கள் நடுவில் அரை மில்லி தடிமன்தான் இருக்கும். வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிக்கிற முரட்டு மணலை அதில் அடித்தால் குழாயே மெலிந்துவிடும். அப்படி ஒன்று வந்தால் பெயின்ட் ரிமூவரும் கையும்தான். எல்லாம் முடிந்தபின் குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஃப்ரேமை நாலு பக்கமும் புரட்டி வடியவிடுவேன். இதைப் பெயின்ட் காய்ந்தபிறகு செய்ய வேண்டும். முன்னால் செய்தால் எண்ணெய் கசிந்து பெயின்ட் ஒட்டாது.

வீட்டில் நானே உப்புத்தாள் போட்டுக்கொண்டு வந்தால் கூலி குறையுமா?

குறையும். ஆனால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அப்பா காலத்துச் சிவப்பும் மஞ்சளும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வறட்டுத் தேய்ப்பில் பறக்கிற தூசியைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் விடக் கூடாது.

துருவுக்கு 80 அல்லது 120 நம்பர் தாள், அப்புறம் 220, கடைசியில் 320. கொண்டுவரும் முன் டேஷ்போர்டு பாலிஷ், சிலிக்கான் ஸ்ப்ரே எதையும் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். அது ஒரு சொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் விலகி வட்டவட்டமாகக் குழி விழும்.

நசுங்கின இடத்தைப் பட்டி பார்த்து மறைக்கலாமா?

ஆழமில்லாத நசுங்கல் என்றால் பட்டி பார்க்கலாம், ஸ்ப்ரே பெயின்டுக்கு மட்டும். கார் பட்டி பவுடர் ஓவனில் நிற்காது. மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அது நசுங்கல் இல்லை, விரிசல். அதைப் பட்டியால் மூடி விற்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

எந்த ப்ரைமர்?

ப்ரைமர் என்பது கலருக்கு அடியில் உலோகத்தின்மேல் போடும் முதல் பூச்சு. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சேர்த்து ஒன்றே வேண்டுமென்றால் இரண்டு பாகம் கலக்கிற எபாக்சி ப்ரைமர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு இரும்புக்குப் பரவாயில்லை, ஆனால் காய நேரம் பிடிக்கும், அதன்மேல் என்.சி. அடித்தால் முன்னால் சொன்ன சுருக்கம் வரும். வெறும் அலுமினியத்தில் சாதா ப்ரைமர் நிற்காது. தேய்த்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் ப்ரைமர் ஏற வேண்டும், தள்ளிப்போட்டால் காற்றுப் பட்டு மேலே ஒரு படலம் கட்டிவிடும்.

ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடிக்கிறேன். எத்தனை டப்பா வேண்டும்?

ஒரு சைக்கிள் ஃப்ரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் இரண்டையும் விரித்துப் பரப்பினால் சில சதுர அடிதான் வரும். குழாயின் நீளத்தையும் சுற்றளவையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் மெல்லிய குழாயில் அடிக்கும்போது பாதிக்கு மேல் பெயின்ட் காற்றில் போய்விடும். அதனால் 400 மில்லி டப்பாவில் ப்ரைமர் ஒன்று, கலர் இரண்டு, கிளியர் இரண்டு என்று வாங்குங்கள். கலர் இரண்டும் ஒரே பேட்ச் நம்பரா என்று அடியில் பாருங்கள்.

சீட் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகி, துணிக்கொடியில் தொங்கவிடுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிற்க வைத்து, இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பில் காட்டிவிடாதீர்கள், வெடிக்கும். முதலில் முடுக்குகள், குழாய்களின் அடிப்பக்கம், ஃபோர்க்கின் உள்பக்கம். கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கம் கடைசியில்தான். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஃப்ரேமுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குழாயைக் கடந்து வெளியே போய் விட வேண்டும். குழாயின்மேல் வைத்து அழுத்தினால் அங்கே சொட்டு வழியும்.

முதல் கை, அதாவது முதல் பூச்சு, பனி படர்ந்த மாதிரி இருந்தால் போதும், கீழே ப்ரைமர் தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது. மூன்றாவது கையில்தான் கலர் மூட வேண்டும். முதல் கையிலேயே மூடப் பார்த்தவர்களின் ஃப்ரேமைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கும். வழிந்துவிட்டால் விரலால் தொடாதீர்கள், காயட்டும், மறுநாள் 600 வாட்டர் பேப்பரில் தேய்த்துக்கொள்ளலாம்.

டப்பா கிளியருக்குப் பெட்ரோல், தின்னர் தாங்குகிற சக்தி கிடையாது. செயின் கழுவும்போது ஜாக்கிரதை.

2கே கிளியர் டப்பாவிலும் வருகிறதே, வீட்டில் அடிக்கலாமா?

வேண்டாம் என்பேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலே இழுக்கும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் எதற்கும் உதவாது. நானே வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி போட்டுத்தான் அடிக்கிறேன். முன்பு வேலை பார்த்த பட்டறையில் அது கிடையாது. அதற்கான இருமல் எனக்கு இன்னும் இருக்கிறது.

எந்த மாதத்தில் கொடுத்தால் நல்லது?

தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தின்னர் ஆவியாகும்போது ஃப்ரேம் குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்டின்மேல் இறங்கும். என்.சி. பெயின்ட் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். சித்திரை வெயிலில் நேர்மாறு: பெயின்ட் ஃப்ரேமில் படும் முன்பே காய்ந்து பொடியாக உட்காரும், தொட்டால் மணல். ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் அறைக்குள்தான் வேலை, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு.

சரி, இப்போதாவது கலர் பேசலாமா?

பேசலாம். மாதிரி கொண்டுவாருங்கள், செல்போன் படம் வேண்டாம். உங்கள் போனில் ஒரு நீலம், என் போனில் வேறு நீலம். ஒரு அம்மா தன் கல்யாணப் புடவையின் ஓரத் துணியையே வெட்டிக் கொண்டுவந்தார், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பட்டுப்புடவையால் பெயர் பெற்ற எம்.எஸ். நீலம். அது நல்ல வழி. ஆனால் கடை டியூப் லைட்டில் பார்த்துக் கலந்த நீலம் வெயிலுக்கு வந்ததும் வேறாகத் தெரிந்தது. பட்டுக்கு ஒரு மினுக்கு உண்டு, நூல் படுக்கிற பக்கம் பார்த்துக் கலரே மாறும். மூன்று தடவை கலந்து, மூன்று தகரத் துண்டில் அடித்து, தெருவில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். எல்லாருக்கும் இதையே சொல்கிறேன்: தட்டையான தகரத்தில் பார்க்காதீர்கள், ஒரு துண்டுக் குழாயில் அடித்து, காலை பத்து மணி வெயிலில் பாருங்கள். குழாய் உருண்டை, அதில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். தகரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற அரக்கு நிறம் மெல்லிய குழாயில் கறுப்பாகிவிடும்.

பவுடர் என்றால் ரால் அட்டையில் உள்ள நம்பரிலிருந்து எடுக்க வேண்டும். 1927-ல் ஜெர்மனியில் நாற்பது கலரோடு தொடங்கிய பட்டியல் அது, இப்போது இருநூறுக்கு மேல். நம்பரைச் சொன்னால் எந்த ஊரிலும் அதே கலர் கிடைக்கும். இத்தாலியின் பியாங்கி சைக்கிள்களில் வரும் அந்த வெளிர்பச்சை நீலத்தை, செலஸ்தே என்பார்களே, நிறைய பேர் கேட்கிறார்கள். அந்தக் கம்பெனியே காலத்துக்குக் காலம் அந்த நிறத்தைக் கொஞ்சம் பச்சைப் பக்கமும் கொஞ்சம் நீலப் பக்கமும் மாற்றியிருக்கிறது. எந்த வருஷத்து செலஸ்தே என்று சொல்லுங்கள், கலந்து தருகிறேன்.

வெயிலில் நிற்கிற வண்டிக்கு நியான் கலர் போடாதீர்கள். அதன் சாயம் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். விலை குறைந்த சிவப்பும் ரோஸாகும். கறுப்பு, வெள்ளை, காவி, மண் நிறங்கள் நிற்கும். மெட்டாலிக் அழகு, ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டு மறைக்க முடியாது, அலுமினியத் துகள் படுக்கிற விதம் மாறி திட்டாகத் தெரியும். கேண்டி கலரில் வெள்ளி அடித்தளத்தின்மேல் கண்ணாடி மாதிரி நிறத்தை ஏற்றுகிறோம், ஒவ்வொரு கைக்கும் நிறம் அடர்ந்துகொண்டே போகும். ஃப்ரேமுக்கு நாலு கை, ஃபோர்க்குக்கு ஐந்து கை விழுந்தால் இரண்டும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தது போல இருக்கும். கைக்கணக்கு தவறாமல் அடிக்கிறவரிடம் மட்டும் கேண்டி கொடுங்கள்.

எனக்குப் பிடித்தது? ஒரு சொட்டுப் பச்சை கலந்த கறுப்பு. நிழலில் கறுப்பு, வெயிலில் மட்டும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

மேட் ஃபினிஷ் வாங்கினால் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

சிரிக்காதீர்கள், வருஷா வருஷம் புரட்டாசி முடிந்ததும் இதற்கென்றே போன் வரும். மேட் பரப்பு சொரசொரப்பு, கறை உள்ளே உட்கார்ந்துகொள்ளும், பாலிஷ் போட்டு எடுக்கவும் முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும். மஞ்சள் கலந்த சந்தனமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள், மஞ்சள் கறையை வெயில் தின்றுவிடும். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் கஷ்டம். ஹேண்டில் பாரிலோ மட்கார்டிலோ பொட்டு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பழைய மாதிரி தங்கக் கோடு போட்டுத் தருவீர்களா?

தருவேன், எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரை வரவழைத்து. நீண்ட முடி வைத்த லைனிங் பிரஷ்ஷில், சுண்டுவிரலைக் குழாயின்மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. டேப் ஒட்டி அடித்தால் கோடு நேராக வரும், ஆனால் ஓரம் கத்தி மாதிரி செத்துக் கிடக்கும். அவர் கோட்டில் தொடக்கத்தில் ஒரு துளி கனம் இருக்கும். காலை வேளையில் மட்டும்தான் வருவார்.

வேறு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டித் தர முடியுமா?

உங்கள் பெயர், ஊர், பிள்ளை பெயர் எதுவானாலும் ஒட்டுவேன். சாதா ஃப்ரேமில் விலை அதிகமான கம்பெனியின் பெயரை மட்டும் ஒட்ட மாட்டேன். அந்த வண்டி ஒருநாள் செகண்ட்ஹேண்டில் யாரோ ஏமாளியிடம் போகும்.

ஃப்ரேமை எப்படிக் கழற்றிக் கொண்டுவர வேண்டும்?

வெறும் ஃப்ரேமும் ஃபோர்க்கும் மட்டும். பால்ரஸ், கப் எல்லாம் எடுத்திருக்க வேண்டும். பெடல் அச்சின் வலதுபக்கக் கப்புக்குப் பெரும்பாலான வண்டிகளில் மரை தலைகீழ். வழக்கம்போல இடதுபக்கம் திருகி ஸ்பேனரை உடைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மரையிலும், சீட் கம்பி நுழையும் குழாயின் உள்ளேயும், சக்கர அச்சு உட்காரும் வாயிலும், டிஸ்க் பிரேக் உட்காரும் காதிலும் பெயின்ட் படவே கூடாது. பவுடருக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்து, சூடு தாங்கும் சிலிக்கான் அடைப்பான் போடச் சொல்லுங்கள். மரையில் பவுடர் வெந்துவிட்டால் மரை வெட்டுகிற டூல் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டும்.

ஃப்ரேம் நம்பரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திருடு போனால் போலீஸில் சொல்ல உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும். நான் அந்த எண்ணின்மேல் பட்டி பார்ப்பதில்லை. எண்ணைத் தேய்த்து எடுத்த ஃப்ரேமை வாங்குவதும் இல்லை.

ஸ்கூலில் கொடுத்த சைக்கிளுக்கு அடிக்கலாமா?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற வண்டிதானே? என்னிடம் கொடுத்துச் செலவு செய்யாதீர்கள். மேலே டப்பா முறையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையே அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை உரசும் ரிம்மில் மட்டும் பெயின்ட் படாமல் செய்தித்தாள் சுற்றிவிடுங்கள்.

எவ்வளவு ஆகும், எத்தனை நாள்?

ஃப்ரேமைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. பெயின்டின் விலை அதில் சின்னப் பங்குதான், உரிப்பதற்கும் தேய்ப்பதற்குமே கூலி. துருப்பிடித்த ஃப்ரேமுக்கு ஒற்றைக் கலர் போட ஆகிற செலவு, நல்ல ஃப்ரேமுக்கு இரட்டைக் கலர் போடுவதைவிட அதிகமாகலாம். நாள் கணக்கு: வேலை ஒரு வாரம், காய ஒரு வாரம். 2கே கிளியர் மாலையிலேயே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக ஏழு நாள் வேண்டும். அதற்குள் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அச்சு விழும். அவசரம் என்றால் பவுடருக்குப் போங்கள், ஓவனிலிருந்து ஆறியதும் பூட்டலாம்.

கீறல் விழுந்தால்?

வண்டியோடு ஒரு சின்ன பாட்டில் கொடுத்து அனுப்புவேன், என் வீட்டில் காலியான நகப்பாலிஷ் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினது, பிரஷ் மூடியிலேயே இருக்கும். கீறலை நுனியில் மட்டும் தேய்த்து, துடைத்து, ஒரு பொட்டு வையுங்கள். மகளின் பாட்டில்கள் தீர்ந்துபோனதால் இப்போது உங்கள் வீட்டிலிருந்தே ஒன்று கொண்டுவரச் சொல்கிறேன்.